பாறை எலி அறைக்கு வருகிறவர்களுக்கு

நீங்கள் முதல் நாள் அந்த அறைக்குள் நுழையும்போது வெளியே பகல் பதினொரு மணியாக இருக்கும். முதல் கதவைச் சாத்திவிட்டு இரண்டாவது கதவைத் திறந்தால் உள்ளே இரவு. மூலையில் மங்கலாக ஒரு சிவப்பு விளக்கு மட்டும் எரியும். கண் பழக ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் எதையும் தொடாமல் சும்மா நில்லுங்கள். முதலில் காதுக்குத்தான் தெரியும். கல்லின் மேல் நகம் உரசும், எங்கோ ஒரு விதை உடைபடும், யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பது போல வைக்கோல் அசையும். அப்புறம் ஒரு வால் தெரியும். உடம்பைவிட நீளமான வால், நுனியில் வெள்ளையாக ஒரு குஞ்சம். அது கல்லுக்குக் கல் மிதந்து போவது போல இருக்கும். அதற்குப் பிறகுதான் எலி தெரியும்.

பாறை எலி இரவில் நடமாடும். நாம் பகலில் வேலை பார்க்கிறவர்கள். அதனால் அறையில் நேரத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். ராத்திரி முழுக்க வெள்ளை விளக்கு எரியும், அவை தூங்கும். காலையில் நாம் வரும்போது விளக்கு அணையும், அவை எழுந்துகொள்ளும். பதினெட்டு வருடம் நான் அப்படி இருந்தேன். மதியம் சாப்பிட வெளியே வந்தால் வெயில் முகத்தில் அறையும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் போகும், அதற்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருக்கும். ஒரு நிமிடம் எந்த உலகத்தில் நிற்கிறேன் என்று புரியாது. உங்களுக்கும் அப்படி இருக்கும். நாளாக ஆகப் பழகிவிடும். ஆனால் எனக்கு அந்த மயக்கம் கடைசி நாள்வரை முழுதாகப் போகவில்லை.

என் பெயர் ஷகிலா. ஊர் செங்கல்பட்டு. மருந்து பரிசோதிக்கும் ஒரு கூடத்தில் வெள்ளை எலிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தவள், பிறகு நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் இருக்கும் நம் வளாகத்துக்கு வந்தேன். ஒரு மலையில் அழிந்துகொண்டிருந்த எலியைக் கூண்டில் வைத்து இனம் பெருக்கி, திரும்ப மலையிலேயே விடுவதுதான் வேலை என்றார்கள். எந்த மலை என்று எழுத மாட்டேன். எழுதினால் வேடிக்கை பார்க்கவும் பிடித்துப் போகவும் ஆள் கிளம்பிவிடும். மலைப் பிராணியைக் கடற்கரைக்கு ஏன் கொண்டுவந்தீர்கள் என்று எல்லோரும் கேட்பார்கள். குளிர்சாதன அறைகள் தயாராக இருந்தது இங்கேதான், அவ்வளவுதான் காரணம். வந்து சேர்ந்தவை பதினொரு எலிகள்.

எனக்கு அப்போது அந்த மாதிரி மலையே தெரியாது. திருக்கழுக்குன்றத்து மலையைத் தாண்டி உயரமாக எதையும் பார்த்ததில்லை. கூண்டுக்குள் கல் அடுக்கும்போது மனசுக்குள் ஒரு மலையை நானே கட்டிக்கொள்வேன். அங்கே எப்போதும் சாயங்காலமாக இருக்கும், எல்லாம் நீலமாக இருக்கும். சில நாள் கனவிலும் வரும்.

*

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன்பு நானே சொல்வது நல்லது.

முதல் இரண்டு வருடம் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. இந்தத் திட்டத்தை நடத்தும் நம் டாக்டர், என்னைவிட ஆறு வயது சின்னவர், தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், தீனியை மாற்றிப் பார்த்தார், ஜோடியை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வருடம் ஆனி மாதத்தில் ஏழாம் கூண்டில் இரண்டு குட்டிகள். கட்டை விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நான் அன்று சாப்பிடப் போகவில்லை. சிவப்பு வெளிச்சத்தில் அவற்றின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் கூண்டுக்கு நேர் மேலே ஏசி. அதன் தண்ணீர்க் குழாய் எங்கோ அடைத்து, சுவர் வழியாகக் கூண்டின் கல் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. பல மாதமாகவே சொட்டியது. குட்டிகள் பிறந்ததும் எனக்கு அது உறுத்தியது. ஈரத்தில் பூஞ்சை வரும், குட்டிக்குச் சளி பிடிக்கும். வெள்ளை எலிகளிடம் நான் கற்றது அதுதான், கூண்டு உலர்ந்திருக்க வேண்டும். டாக்டர் மலைக்குப் போயிருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் குழாயைச் சரி செய்தேன். கல்லைத் துடைத்தேன். ஏசி ரிப்பேர் அலுவலகத்துப் புத்தகத்தில் எழுதப்படும், எலிப் பதிவேட்டில் இல்லை. அதனால் பதிவேட்டில் ஒரு வரியும் எழுதவில்லை.

ஒன்பதாம் நாள் குட்டிகள் இரண்டும் செத்துக் கிடந்தன. தாய்க்குப் பால் வற்றிவிட்டது.

டாக்டர் திரும்பி வந்து காரணம் தேட ஆரம்பித்தார். தீனியை ஆய்வுக்கு அனுப்பினார். பக்கத்தில் போர்வெல் போட்ட சத்தமா என்று விசாரித்தார். ஒரு மாதம் போனது. கடைசியில் பெண் எலிக்குத்தான் ஏதோ நோய், அந்த ஜோடியைப் பிரித்துவிடலாம் என்று முடிவு செய்தார். குட்டி ஈன்ற ஒரே ஜோடி அது.

அப்போதுதான் கஸ்தூரி என்னைக் கூப்பிட்டாள். கஸ்தூரி அச்சரப்பாக்கம் பக்கத்து இருளர் குடும்பத்துப் பெண். கூண்டு கழுவும் வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. பேச்சு குறைவு. எலிகளைப் பார்ப்பதில் மட்டும் சலிக்கவே மாட்டாள்.

"அக்கா, இங்க வாயேன். இது இன்னா பண்ணிகினு கீதுன்னு பாரு."

"இன்னா பண்ணுது?"

"கல்லை நக்கிகினே கீது. பாட்டில்ல தண்ணி ரொம்பி கீது, அதுல ஒரு வாய் குடிச்சிட்டு இங்கயே வந்துடுது."

குனிந்து பார்த்தேன். பெண் எலி ஒரே இடத்தில் நக்கிக்கொண்டிருந்தது. பழைய சொட்டுத் தண்ணீர் வழிந்து காய்ந்து, கல்லில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே அதன் நாக்கு போய்ப் போய் வந்தது.

"மலையில கல்லு மேல பனி வுழும்லக்கா? அத்தத்தான் இது குடிச்சிருக்கும். நம்ம வயல் எலி மாதிரி கெடையாது இது," என்றாள் கஸ்தூரி. "முன்னல்லாம் இங்க ஈரம் இருந்துச்சே, இப்ப எங்க போச்சு?"

நான் அண்ணாந்து ஏசியைப் பார்த்தேன். ஏசி அறைக் காற்று எவ்வளவு வறண்டது என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறையிலேயே மலை மாதிரி இருந்தது ஏழாம் கூண்டு ஒன்றுதான். அதைத்தான் நான் துடைத்து உலர வைத்திருந்தேன்.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு நாளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். டாக்டர் எதிரில் உட்கார்ந்து தீனிக் கணக்கைப் புரட்டுவார், நான் பக்கத்தில் நின்று பென்சில் சீவிக் கொடுப்பேன். எல்லாம் கனவில் நடப்பது போல இருந்தது. என் வாய் ஏதேதோ பேசும், கை வேலை செய்யும், நான் மட்டும் எங்கோ கிணற்றின் அடியில் இருந்தேன். வீட்டில் கணவர் கேட்டார். அவர் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். ஸ்டாஃப் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், சட்டையைக்கூட மாற்றாமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஷகிலா, நாலு நாளா ஒரு மாதிரி கீறே?"

சொன்னேன். கேட்டுவிட்டு டீயைக் குடித்து முடித்தார். "தப்பு பண்ணவனுக்கு மெமோ குடுப்பாங்க. மறைச்சவன்கிட்ட அப்பறம் எவனும் ஒரு ஸ்பேனரக்கூட நம்பிக் குடுக்க மாட்டான். நாளைக்கே போயி சொல்லிடு," என்றார்.

மறுநாள் காலை ஜோடியைப் பிரிக்கப் பெட்டி தயாராக இருந்தது. டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். நான் அந்த இருட்டு அறையிலேயே சொன்னேன். என் முகம் தெரியாது என்ற தைரியம்தான்.

"சார், அதைப் பிரிக்காதீங்க. தப்பு என்னோடது. ஏசி ஒழுகிகினு இருந்துச்சு. நீங்க இல்லாதப்ப நான்தான் சரி பண்ணேன். அந்தத் தண்ணியிலதான் அது இருந்துது."

அவர் கையுறையைக் கழற்றினார். ஒரு எலி விதையைக் கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நாலு நாள் ஆச்சு சார். மொதல்ல பார்த்தது கஸ்தூரி."

"நாலு நாள்," என்றார். அவ்வளவுதான் அவர் திட்டியது. பிறகு மேலே பார்த்தார். "ஷகிலா, அந்த ஏசியைத் திரும்ப ஒழுக வைக்க முடியுமா?"

மெக்கானிக் வந்து தலையைச் சொறிந்தார். "இன்னாம்மா பேஜாரு பண்றீங்க. ஒழுவுதுன்னு கூப்டீங்க, நிறுத்தினேன். இப்ப ஒழுவலன்னு கூப்புடறீங்க. நாளைக்கு எவனாவது பாத்தா என் வேலயப் பத்தி இன்னா நெனைப்பான்?"

"யாரும் பார்க்க மாட்டாங்க, இங்க எப்பவும் இருட்டுதான்," என்றார் டாக்டர்.

ஒழுக வைத்தோம். பிறகு ஒவ்வொரு கூண்டுக்கும் பனி போலத் தண்ணீர் தூவும் குழாய்கள் வந்தன, இன்று நீங்கள் பார்ப்பவை. அடுத்த மழைக்காலத்துக்குள் மூன்று கூண்டுகளில் குட்டிகள். அந்த ஆராய்ச்சிக் கட்டுரையில் டாக்டர் கஸ்தூரியின் பெயரையும் சேர்த்தார். அவள் அந்தப் பக்கத்தை வாங்கி, தன் பெயரின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூண்டு கழுவப் போய்விட்டாள்.

நம் அறையில் ஒரு கோளாறைச் சரி செய்வதற்கு முன்பு, அதை நம்பி ஏதாவது உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். சரி செய்தால் எழுதுங்கள். தப்பாகப் போனால் அன்றைக்கே சொல்லுங்கள். குட்டிகள் செத்ததற்கு என்னை நான் மன்னித்துவிட்டேன். அந்த நான்கு நாளை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

*

அடுத்தது ஒரு கத்திரி வெயில் நாள். அப்போது அறையில் இருபத்திரண்டு எலிகள். மூன்றாம் கூண்டிலும் ஒன்பதாம் கூண்டிலும் தாய்கள், இரண்டுக்கும் பிறந்து சில நாளே ஆன குட்டிகள்.

காலை பத்தரைக்கு மின்சாரம் போனது. சாலை ஓரத்து டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, சாயங்காலத்துக்கு முன்பு வராது என்றார்கள். ஜெனரேட்டர் ஓடியது. பன்னிரண்டு மணிக்கு அதுவும் இருமி இருமி நின்றது. உப்புக்காற்றில் உள்ளே ஏதோ அரித்துப் போயிருந்தது. டாக்டர் மலையில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. கதவுகளைச் சாத்தி வைத்தும் அறையின் சூடு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. மலையில் பிறந்த உடம்பு, நம் கோடையைத் தாங்காது.

நிர்வாக அலுவலர் போனில் சொன்னார்: "எல்லாத்தையும் ஏசி வேன்ல ஏத்திச் செங்கல்பட்டுக்குக் கொண்டு போயிடுங்கம்மா. அங்க குளிர் அறை ஒண்ணு பேசி வெச்சிருக்கேன்."

அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் குட்டி போட்ட தாயை ஆட்டி அசைத்தால் அது தன் குட்டிகளையே கடித்துத் தின்றுவிடும். வெள்ளை எலியே அப்படிச் செய்யும். இது காட்டுப் பிராணி. வேனில் போனால் குட்டிகள் போகும். இங்கே இருந்தால் தாயும் போகலாம். என் எதிரில் கஸ்தூரியும் வேன் ஓட்டும் செல்வமும் நின்றார்கள். இருவரும் என் வாயைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். காற்றுப் போக்கி விசிறி நின்றதும் அறையில் வழக்கமான இரைச்சல் இல்லை. முதல் முறையாக உள்ளே கடல் சத்தம் கேட்டது. சிவப்பு விளக்கும் இல்லை, கையில் ஒரு டார்ச், அதன் மேல் சிவப்புத் தாள் சுற்றியிருந்தேன். எலிகள் எல்லாம் கல்லின் மேல் வயிற்றைப் பரப்பி மெதுவாக மூச்சு விட்டன. எல்லோரும் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல இருந்தது. எனக்குத் தூக்கம் வருவது போலக்கூட இருந்தது. பயம் சில சமயம் அப்படித்தான் வரும், உடம்பைத் தாலாட்டிக்கொண்டு. அதை நம்பாதீர்கள்.

"செல்வம், தாய் ரெண்டும் இங்கயே இருக்கட்டும். மீதி எல்லாத்தையும் ஏத்து," என்றேன். "கஸ்தூரி, நீ ஐஸ் பார்த்துகினு வா."

"மீன்காரங்க ஐஸ் பாக்டரி கீதுக்கா, குப்பத்துல. மீன் நாத்தம் அடிக்குமே, பரவால்லியா?"

"சாக்குல சுத்திக் கொண்டா. கூண்டுகிட்ட வெக்க வேணாம், சுவரோரமா வெப்போம்."

செல்வம் தயங்கினார். "அக்கா, ஆபீசர் எல்லாத்தையும்னு சொன்னாரே. நாளைக்கு உன்னத்தான் கேப்பாரு."

"கேக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லு அண்ணாத்த."

எலிகளைப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வேன் போனது. போனவை அத்தனையும் உயிரோடு திரும்பி வந்தன. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மீதிக் கதையைக் கேட்கும்போது நீங்கள் அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கஸ்தூரி ஆட்டோவில் ஐஸ் கட்டிகளோடு வந்தாள். சுவரோரம் அலுமினியப் பேசின்களில் வைத்தோம். ஈரச் சாக்கைக் கதவில் தொங்கவிட்டோம். சூடு ஏறுவது நின்றது, ஆனால் இறங்கவில்லை. மணி மூன்றிருக்கும், மூன்றாம் கூண்டுத் தாய் வாயைத் திறந்து மூச்சு விட ஆரம்பித்தது. ஈரத் துணியை அதன் பக்கத்தில் வைத்தேன். நகரக்கூட இல்லை. மூன்று குட்டிகளும் அதன் வயிற்றைத் தேடிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அதன் வால் நுனி ஒரு முறை அசைந்தது. அதற்குப் பிறகு அசையவில்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். கஸ்தூரிதான் கூண்டுக்குள் கையை விட்டாள். குட்டிகளை உள்ளங்கையில் எடுத்தாள்.

"அக்கா, ஒம்போதுகிட்ட வுட்டுப் பாக்கலாமா?"

ஒரு தாயின் குட்டியை இன்னொரு தாயிடம் விடக்கூடாது என்பது விதி. எது யாருடைய குட்டி என்ற ஆராய்ச்சிக் கணக்கு கெடும். அதைவிடப் பெரிய பயம், அந்நிய வாசனை பட்டால் ஒன்பதாம் கூண்டுத் தாய் தன் குட்டிகளையும் சேர்த்துக் கடித்துவிடலாம். அதுவோ ஏற்கெனவே குட்டிகளை வாயில் கவ்வி மூலைக்கு மூலை மாற்றிக்கொண்டிருந்தது. அது நல்ல அறிகுறி இல்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் தாங்கும் இதுங்க?" என்று கேட்டேன்.

"பால் இல்லாம பொழுது சாயறவரைக்கும் தாங்கலாம். அதுக்கு மேல சொல்ல முடியாதுக்கா."

"அப்ப இப்ப வேணாம். அது மொதல்ல அடங்கட்டும்."

குட்டிகளைப் பஞ்சில் வைத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். சும்மா இருந்தோம். ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அன்று தெரிந்தது. ஐஸ் உருகிச் சொட்டியது. தூரத்தில் கடல் வந்து வந்து போனது. மடியில் மூன்று சின்ன சூடு, மூன்று நெல் மணி போல. மனசுக்குள் நான் கட்டி வைத்திருந்த நீல மலை வந்தது, அதில் நான் நடந்துகொண்டிருந்தேன். கஸ்தூரி தோளைத் தொட்டதும் விழித்தது போல நிமிர்ந்தேன்.

"படுத்துடுச்சுக்கா. பால் குடுக்குது."

ஒன்பதாம் கூண்டிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து, மூன்று குட்டிகளையும் அதில் புரட்டினாள், அந்தத் தாயின் வாசனை ஏறும்வரை. நான் கூண்டைத் திறந்தேன். வைக்கோலோடு சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு மூடினோம். தாய் எழுந்து வந்தது. முகர்ந்தது. ஒன்றைக் கவ்வியது. கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. எலி அதைக் கொண்டுபோய்த் தன் குட்டிகளுக்கு நடுவே வைத்தது. பிறகு இரண்டாவதையும். மூன்றாவதை முகர்ந்துவிட்டு விட்டுவிட்டது. அது மறுநாள் காலை செத்துப் போனது.

மின்சாரம் ஆறு மணிக்கு வந்தது. பதிவேட்டில் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதினேன்: தாய்களை அனுப்பாதது என் முடிவு, ஒரு தாய் இறந்தது, குட்டிகளை மாற்றியது. மூன்றாம் கூண்டுத் தாயை வேனில் அனுப்பியிருந்தால் அது பிழைத்திருக்குமா? தெரியாது. இன்றும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து டாக்டர் வந்தார். பதிவேட்டைப் படித்தார். "நான் இருந்திருந்தா வேற மாதிரி முடிவு பண்ணியிருப்பேன், ஷகிலா," என்றார். "அதுவும் தப்பாப் போயிருக்கலாம்," என்று சேர்த்துச் சொல்லிவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி ஒரு முறைகூட அவர் பேசியதில்லை. நிர்வாக அலுவலரிடமும் அவரே பேசிக்கொண்டார்.

நல்ல முடிவு எடுத்தால் மனசு லேசாகும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். அந்த நேரத்தில் தெரிந்ததை வைத்து எடுங்கள், எடுத்ததை எழுதி வையுங்கள். கனம் கூடவேதான் இருக்கும். அதோடு வேலை பார்க்கலாம், நான் பார்த்தேன்.

*

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் பத்து எலிகளை மலைக்குக் கொண்டுபோக அனுமதி வந்தது. டாக்டர் என்னையும் கஸ்தூரியையும் கூட வரச் சொன்னார். விடியற்காலையில் கிளம்பினோம். மதுராந்தகம் ஏரி வெளுத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது காதடைத்தது, சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது.

மலை நான் கட்டி வைத்திருந்த மாதிரி இல்லை. நீலமாக இல்லை. பச்சையும் சாம்பலுமாக, ஈரமாக, அட்டைகளோடு இருந்தது. முழங்கால் வலித்தது. பாறை மட்டும் பெரியதாக, யாரோ உறங்குவது போலக் கிடந்தது. வனக்காவலர்கள் அந்தப் பாறையில் வருடக்கணக்காகத் தேடியும் ஒரு எலிகூடக் கண்ணில் படவில்லை. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம். நம் பத்து எலிகளுக்கும் காதில் அடையாளத் துளை இருந்தது. கேமராவில் விழுந்தால் எது எந்த எலி என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பாறை அடியில் கட்டிய பெரிய கூண்டில் இரண்டு வாரம் வைத்திருந்தோம். பிறகு ஒரு சாயங்காலம் கதவைத் திறந்துவிட்டுத் தூரமாகப் போய் உட்கார்ந்தோம். எதுவும் வெளியே வரவில்லை. குளிரில் கஸ்தூரி என் சால்வைக்குள் வந்துவிட்டாள்.

"பயப்படுதுக்கா."

"பயப்படட்டும். பயம் இருந்தாத்தான் பொழைக்கும்."

வெளிச்சம் மங்கிப்போகும் நேரத்தில் ஒரு வெள்ளைக் குஞ்சம் மட்டும் வாசலில் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றது. பிறகு பாறை அதை உள்ளே வாங்கிக்கொண்டது. பதினேழு வருடம் பார்த்த வால், ஒரு நொடியில் இல்லை. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. கை மட்டும் கூண்டின் தாழ்ப்பாளைத் தேடியது.

முதல் வாரத்திலேயே மூன்றை ஆந்தை கொண்டுபோனது. கேமராவில் இருந்தது. நான் சாப்பிடவில்லை. கூண்டில் வைத்து நூறு பாதுகாப்புச் செய்து வளர்த்துவிட்டு ஆந்தைக்குத் தீனி போட்டோமா என்று டாக்டரிடம் கோபமாகவே கேட்டேன். கஸ்தூரிதான் சொன்னாள்: "ஆந்தைக்கும் குட்டி கீதுக்கா. நாம காட்டுல வுட்டோம். காடுன்னா அதுவும்தான்." எனக்கு அது ஆறுதலாக இல்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை.

இன்னும் இரண்டு எங்கே போயின என்று தெரியவில்லை. மற்றவை கேமராவில் வந்துகொண்டிருந்தன. நான் ஓய்வு பெற்றேன். இப்போது கஸ்தூரிதான் அறைக்குப் பொறுப்பு, அவள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

போன ஐப்பசியில் ஒரு மதியம், வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனில் கஸ்தூரி ஒரு படம் அனுப்பியிருந்தாள், உடனே கூப்பிட்டாள்.

"அக்கா, படத்தப் பாத்தியா?"

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். மலைப் பாறை, சாம்பல் நிறத்தில். ஓரத்தில் நம் எலி ஒன்று. காதுத் துளை தெரிந்தது. அதன் பின்னால், கல் இடுக்கிலிருந்து பாதி வெளியே, இன்னொன்று. சின்னது. வால் இன்னும் முழுதாக வளரவில்லை. நான் படத்தைப் பெரிதாக்கினேன். இடது காதைப் பார்த்தேன். வலது காதைப் பார்த்தேன். இரண்டும் முழுதாக இருந்தன.

"துளை இல்லியே கஸ்தூரி."

"இல்லக்கா. ரெண்டு காதும் அப்டியே கீது. நாலு தபா பாத்துட்டேன்."

அவள் பக்கம் அறையின் காற்றுப் போக்கி இரைந்தது. தெருவில் ஐஸ்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"பதிவேட்டுல எழுதணும்," என்றாள் கஸ்தூரி. அவள் குரல் எப்படியோ இருந்தது. "இதுக்கு இன்னா நம்பர் போடட்டும்?"

நான் இன்னொரு முறை படத்தைப் பார்த்தேன். அது கேமராவைப் பார்க்கவில்லை. வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது, நமக்குத் தெரியாத எதையோ.

"இதுக்கு நம்பர் வேணாம்," என்றேன். "வுட்டுடு."